மூன்றாவது வால்வு

எங்கள் வீட்டுக் காருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ரேடியேட்டரே கிடையாது. எஞ்சின் பின்பக்கம் இருக்கும். ஒரு விசிறி காற்றை அடித்து அதை ஆற்றும். மே மாதத்துச் சிவகாசியில் காற்றே அடுப்படியிலிருந்து வருவதுபோல் வரும். அந்தக் காற்றைக் கொண்டு எஞ்சினை ஆற்றலாம் என்று யோசித்தவன் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

தெருப் பிள்ளைகள் அதைப் பொன்வண்டு என்பார்கள். முதுகு அப்படித்தான் வளைந்திருக்கும். பல வருஷம் முதலாளி வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி. "ஓட வைக்க முடிஞ்சா நீயே வச்சுக்கோ மாப்ளே" என்று முதலாளி விளையாட்டாகச் சொல்ல, என் வீட்டுக்காரர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. முதலாளி எங்களுக்குத் தூரத்து உறவு. நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவருக்கு விஸ்வநத்தம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கே வேலையை மேற்பார்க்கிற போர்மேன்.

நான் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் பைண்டிங் பகுதியைப் பார்க்கிறேன். என் பிழைப்பு காகிதம். ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தால் அது எந்தக் கனம், போன லோடில் வந்ததா இந்த லோடில் வந்ததா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்னையும் வண்டிக்கு அடியில் இழுத்துப் போடுவார். மற்ற வீட்டுப் பொம்பளைகள் கோலம் போடுகிற நேரத்தில் நான் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, அவர் மூக்குக்கு நேராக லைட் பிடித்துக்கொண்டிருப்பேன்.

வால்வு வைக்கிற வேலை இதுதான். எஞ்சினுக்குள் நாலு சிலிண்டர், எட்டு வால்வு. ஒவ்வொரு வால்வின் தலையையும் ராக்கர் என்கிற ஒரு சின்ன இரும்புக் கை தட்டித் தட்டித் திறக்கும். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். சூடேறினால் இரும்பு நீளும். அது நீளுவதற்கு இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தை ஒரு திருகாணியால் கூட்டலாம், குறைக்கலாம்; அளக்க, விசிறிபோல் விரிகிற மெல்லிய தகடுகளின் கட்டு ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் பில்லர் கேஜ் என்பார்கள். அதில் ஆறாம் நம்பர்த் தகடு உள்ளே போக வேண்டும்; ஆனால் சும்மா போய்விடக் கூடாது, இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்பு விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அவர் வைத்ததை என் விரலும் ஒரு தரம் இழுத்துப் பார்க்கும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்யலாம். எங்கள் ஊரில் அதற்கு விடியற்காலையை விட்டால் வேறு பொழுது இல்லை.

இடைவெளி கூடினால் டக் டக் என்று சத்தம் வரும். வண்டி ஓடும். குறைந்தால் சத்தம் வராது, வண்டி பட்டுப்போல் ஓடுகிறது என்று நமக்குச் சந்தோஷமாக இருக்கும். உள்ளே வால்வு முழுசாக மூடாமல், நெருப்பு அதன் ஓரத்தைக் கருக்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் நடுரோட்டில் தலை ஒடிந்து விழும்.

"சத்தம் போடுத வால்வால ஆபத்து இல்ல. சத்தம் நின்னு போச்சுன்னாத்தான் பயப்படணும்" என்பார்.

"என்னையச் சொல்லுதீகளா?"

"பொதுவாச் சொல்லுதேன்."

எட்டில் அவருக்குக் கவலை மூன்றாவது சிலிண்டரில் புகையை வெளியே விடுகிற புகை வால்வு மேல்தான். ஆயில் ஆற்றுகிற பெட்டி அந்தச் சிலிண்டருக்கு முன்னால் நின்று காற்றை மறைக்கிறது. மற்ற மூன்றும் காற்று வாங்க, அது மட்டும் சூட்டிலேயே நிற்கும். பாவப்பட்ட பிள்ளையை விசாரிப்பதுபோல் அதை மட்டும் இரண்டு தரம் பார்ப்பார். அதில் அவர் தப்பு விட்டு நான் கண்டதில்லை. முடித்தபின் ஆனைக்குட்டம் வரை ஓட்டிப்போய், அணைக்கரையில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவோம்.

கம்பெனிப் பழக்கம் ஒன்று அவரை வீட்டிலும் விடவில்லை. வெடிமருந்து கலக்குகிற அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். வீட்டில் வண்டிக்கு அடியில் போகுமுன், சுவரோரத்து இரும்புக் குழாயில் அதேபோல் கையை வைப்பார். "இங்கன என்னத்த வெடிக்கப் போகுது?" என்று கேலி செய்வேன். கை தானாகப் போகிறது என்பார்.

மருந்து கலக்குகிறதும் வால்வு வைக்கிற மாதிரிதான். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். ஒரு நாள் அப்படி முடியவில்லை; வெயில் ஏறிவிட்டது. ஆர்டர் நெருக்கம். அறைக்குள் இருந்த பொம்பளைகளில் ஒருத்தி இவரிடம், "இன்னுங் கொஞ்சந்தான் அண்ணே, முடிச்சிருதோம்" என்று சொல்லியிருக்கிறாள். இவர் வாசலில் நின்று "சரி" என்று சொல்லியிருக்கிறார். திரும்பி நடந்தபோது முதுகுக்குப் பின்னால் அறை இல்லை.

உள்ளே இருந்தவர்களில் யாரும் மிஞ்சவில்லை. இவர் திரும்ப ஓடிப்போய்க் கையால் எதையோ, யாரையோ இழுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது இரண்டு கையும் துணிச்சுருள் மாதிரி இருந்தன. நான் பேசப் பேச என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காது போய்விட்டது என்று எனக்கு உறைக்கவே நேரமாயிற்று.

கை ஆறியது. ஆனால் பத்து விரல் நுனியும் செத்துவிட்டன. கொதிக்கிற டம்ளரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். உள்ளங்கையில் மட்டும் உணர்ச்சி மிச்சமிருந்தது. காது திரும்பவே இல்லை. என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லி நான் அவரைச் சீண்டுவதுண்டு. அதையும் உதட்டில் படித்துவிட்டு முறைப்பார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அளவு தெரியாமல் பேசுவார். "உப்புக் குறைச்சல்" என்றால் எதிர்த்த வீட்டுக்காரி தன் குழம்பை ருசி பார்ப்பாள்.

இன்னொன்றும் வந்தது. தரையில் உட்கார்ந்தால் உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொள்வார். எங்கேயாவது கல் குவாரியில் வெடி வைத்தால், எனக்குக் கேட்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே தலையைத் தூக்குவார். "பூமி வழியா வருது" என்பார். ராத்திரி கையைத் தரைக்குத் தொங்கவிட்டே தூங்குவார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. கையை எடுத்துக் கட்டிலின் மேல் வைப்பேன். விடியும்போது அது திரும்பத் தரையில் இருக்கும்.

வெடிப்புக்குப் பின் சீல் வைத்திருந்த கம்பெனியைத் திறக்க அனுமதி கிடைத்தது. தீபாவளி சீசன் வருகிறது. அண்ணாச்சி ஒரு தட்டில் பழமும் சேவும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் எங்களை ஒரு நாள்கூடத் தவிக்க விட்டதில்லை. அதுதான் சங்கடமே.

"போர்மேன் சர்ட்டிபிகேட் இருக்குத ஆளு வேணும் தங்கச்சி. மாப்ள வந்து நின்னாப் போதும். காது எதுக்கு? கண்ணு இருக்குல்ல" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். "மாட்டேன்னு சொல்லுங்க" என்று என் முகம் முழுக்க எழுதியிருந்திருக்கும். அவர் உதட்டைத்தான் படிப்பார். முகத்தைப் படிக்கப் பழகவில்லை. அண்ணாச்சியின் உதட்டைப் படித்ததும் குனிந்துகொண்டவர், தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"ஞாயித்துக்கெளம வண்டிக்கு வால்வு வச்சுப் பாக்கேன் அண்ணாச்சி. எட்டும் ஒழுங்கா வந்துச்சுன்னா, கை இன்னும் இருக்குன்னு அர்த்தம். வந்திருதேன். வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

அண்ணாச்சி சிரித்தார். "எம்புட்டு நாளா வைக்குத வால்வு! வரும், வரும்" என்று சொல்லிப் போனார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பிரஸ்ஸில் தாளை எண்ணும்போது விரல் தடுமாறியது. வால்வு வர வேண்டும் என்று ஒரு மனசு. அவர் கையை அவர் திரும்பப் பெற வேண்டுமே. வரக் கூடாது என்று இன்னொரு மனசு. சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் குழாயில் உள்ளங்கையை வைத்துவிட்டு அடியில் போனார். நான் லைட் மட்டும் பிடித்தேன். மூடியைப் பிடித்திருக்கும் கம்பியைத் திருப்புளியால் நெம்பியதும், கறுப்பு ஆயில் சட்டியில் சொட்டியது.

உணர்ச்சி இல்லாத விரலால் ஒரு மனுஷன் மயிரிழையை எப்படி அளப்பான் என்று நினைத்திருந்தேன். அவர் வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தகட்டை விரலால் இழுக்கவில்லை; உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரல் அடிப்பாகத்தால் அழுத்தி, முழங்கையோடு சேர்த்து மெதுவாக இழுத்தார். நட்டை இறுக்கியபின், திருப்புளியின் நுனியை ராக்கரில் வைத்து, மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். இன்னொரு கையால் ராக்கரை அசைத்தார். அந்தச் சின்ன டிக், காதுக்குப் போகாவிட்டாலும் பல் வழியாகத் தாடை எலும்புக்குப் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். அத்தனை மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்க்கவில்லை.

முதல் சிலிண்டர், இரண்டாவது, மூன்றாவது என்று போனது. ஒவ்வொன்றுக்கும் தகடு, நட்டு, பிறகு பல். மூன்றாவதின் புகை வால்வு வந்தபோது கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடியே கிடந்தார். திருகினார். நட்டை இறுக்கினார். திருப்புளியைக் கடிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு நாலாவதுக்குப் போய்விட்டார். தாடை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலாவதில் திரும்பவும் இரண்டு தரம் கடித்தார்.

"இந்தா, நீ பாரு" என்று தகட்டுக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய், பின்பக்கம் நின்று, அடுத்தடுத்த வால்வு மூடும்படி புல்லிச் சக்கரத்தைத் திருப்பிக்கொடுத்தார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காகிதம் பார்க்கிற விரல், பொய் சொல்லாது. ஏழு கச்சிதம். நல்ல காலத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக அவர் வைத்ததில்லை.

மூன்றாவதின் புகை வால்வில் ஆறாம் தகடு போகவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தேன். போகவில்லை. இருக்கிற தகடுகளிலேயே மெல்லியதை வைத்துப் பார்த்தேன். ராக்கரை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. திருகாணி அடிவரை இறக்கப்பட்டிருந்தது.

கை தவறினால் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இது தவறின கை இல்லை. எட்டில் எதைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பாரோ, அதையே இறுக்கி வைத்திருக்கிறார். வைத்ததைச் சோதிக்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு எஞ்சினையும் என்னையும் துணைக்கு அழைக்க வேண்டுமா? அப்புறம், சாக்கில் கிடந்தபடியே, அது எப்படிப்பட்ட வார்த்தை என்று யோசித்தேன். இந்த ஊரில் பயமாக இருக்கிறது என்று எந்த ஆம்பளையும் சொன்னதில்லை. உடம்பு சரியில்லை என்பார்கள், வீட்டில் விசேஷம் என்பார்கள். சோறு போடுகிற தொழிலைப் பார்த்துப் பயம் என்று சொன்னால், அந்த அறைக்குள் போய்த் திரும்பாதவர்களின் வீட்டு முகத்தில் எப்படி முழிப்பது?

வண்டிக்கு அடியிலிருந்து அவருடைய பாதங்கள் தெரிந்தன. நகராமல் நின்றன. நான் வெளியே வந்தேன். அவர் என் உதட்டைப் பார்த்தார்.

"மூணாவது வரல."

"கை வரல, இல்ல?"

"ஆமா. கை வரல" என்றேன்.

அவர் முகம் தளர்ந்தது. போய்க் குழாயடியில் கை கழுவினார். மத்தியானம் அண்ணாச்சி வந்தபோது அதே வார்த்தையை நான் அவரிடமும் சொன்னேன். அவர் இவர் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போகட்டும் மாப்ளே" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. இவர் அவர் உதட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அடுத்த வாரம், நான் அடுப்படியில் இருக்கிறேன் என்று நினைத்து, இவர் தனியாக வண்டிக்கு அடியில் போய் மூன்றாவதைத் தளர்த்தி ஒழுங்காக வைத்தார். திருப்புளியைக் கடித்துச் சரி பார்த்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு வாசலுக்கு வந்தேன். வண்டியைக் கிளப்பி, எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "சத்தம் வருதா?" என்று கேட்டார். வருகிறது என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் பின்தெருப் பெண் வந்தாள். அவள் புருஷனும் அதே கம்பெனி. புதிதாக சர்ட்டிபிகேட் வாங்கியவர். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார். அதனால் அவள் என்னை மதினி என்பாள். போர்மேன் வேலை அவருக்குத்தான் வந்திருக்கிறது, திங்கட்கிழமை சேருகிறார் என்று சொன்னாள். சொன்னவள் போகாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அண்ணனுக்குக் கை வரலைன்னுதான போகல மதினி? வேற ஒண்ணும் இல்லையே?"

இவர் வண்டிப் பக்கத்தில், எங்களுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். என் உதடு அவருக்கு நன்றாகத் தெரியும். நான் முதுகைத் திருப்பியிருக்கலாம். செவிடான மனுஷனுக்குத் தெரியாமல் பேசுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. வீட்டில் எத்தனையோ தடவை அப்படிப் பேசியிருக்கிறேன். அன்றைக்குத் திரும்ப மனசு வரவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறவள் கேட்கிறாள். ஆமாம், கைதான் என்றால் சந்தோஷமாகப் போய்விடுவாள்.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பயந்துதான் போகல" என்றேன்.

அவள் இவரைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எஞ்சின் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. இவர் மூடியின் மேலிருந்த கையை எடுத்தார்.

"ஆமா. பயந்துதான் போகல" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னதாக அவர் நினைத்திருக்க வேண்டும். எதிர்த்த வீட்டுக் கதவு திறந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். தெரு முனையில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். இவர் யாரையும் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணின் உதடு ஏதாவது சொல்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பின்தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் அடித்தது. எனக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எழுந்தது. பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வேன் போய்விட்டது. அவள் புருஷன் போகாமல் என்ன செய்வார்? அவர்களுக்கு என்னுடையது மாதிரி பிரஸ் சம்பளம் கிடையாது.

அன்று வெயில் ஏறுகிற நேரத்துக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்துவிட்டாள். இப்போது தினமும் வருகிறாள். கீரை ஆய்கிறாள், பூ கட்டுகிறாள், ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொள்கிறாள். நான் பிரஸ்ஸுக்குப் போன பிறகும் வந்து இருப்பதாக எதிர்த்த வீட்டில் சொல்கிறார்கள். இவர் சுவரோரம் தரையில், உள்ளங்கையைப் பதித்தபடி உட்கார்ந்திருப்பார். கம்பெனிப் பக்கம் பூமி அதிர்ந்தால் முதலில் அந்தக் கைக்குத்தான் தெரியும். வேன் திரும்பி வருகிறவரை, அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.